ஆய்வுத் தரவைப் பாதுகாத்துப் பொதுவில் வைப்பது எப்படி? நூலகரின் துணையோடு ஒரு படிப்படியான வழிகாட்டி

கட்டுரை ஏற்கப்பட்டது என்ற செய்தியோடு, “தரவைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் சேர்த்து, அதன் டிஓஐ எண்ணை அனுப்பவும்” (களஞ்சியம் என்பது ஆய்வுத் தரவைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவை, டிஓஐ என்பது தரவுக்கோ கட்டுரைக்கோ தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) என்ற வரியும் இதழிலிருந்து வந்து சேரும்போதுதான், தங்கள் நூலகத்தில் ஆய்வுத் தரவுக்கென்றே ஒருவர் இருப்பது பலருக்குத் தெரியவருகிறது. அந்தக் கட்டத்தில் அவரைப் போய்ப் பார்த்தால் அவரால் பாதி உதவிதான் செய்ய முடியும். மீதிப் பாதிக்குரிய காலம் தரவைத் திரட்டத் தொடங்கும் முன்பே கடந்து போயிருக்கும். இந்த வேலையை அவசர அவசரமாகச் செய்து முடித்து அலுத்தவன் என்ற முறையில், புதிதாக வருபவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நான்காம் படியைத் தவறவிட்டவருக்கு எட்டாம் படியில் வழி அடைபட்டுவிடும்.

1. யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

இந்தப் பணிக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறுகிறது. ஓரிடத்தில் தரவு நூலகர் என்பார்கள், இன்னோரிடத்தில் ஆய்வுத் தரவுச் சேவை அல்லது ஆய்வு ஆதரவுப் பிரிவு என்று பலகை இருக்கும். எதுவும் கண்ணில் படாவிட்டால் உங்கள் துறைக்குரிய நூலகரிடமோ தகவல் மேசையிலோ சென்று, ஆய்வுத் தரவைப் பராமரிக்கவும் பகிரவும் உதவி வேண்டும் என்று கேளுங்கள், உரியவரிடம் அனுப்பிவைப்பார்கள்.

மூன்று முறை அவரைச் சந்திப்பது நல்லது. நிதிக்கான விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு முறை, மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் பங்கேற்பாளர்களின் ஒப்புதல் படிவத்தை அனுப்பும் முன் ஒரு முறை, கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் ஒரு முறை. ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அவர் எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்பதும் முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். திட்ட வரைவைப் படித்துத் திருத்தம் சொல்வார், களஞ்சியத்தைத் தேர்ந்தெடுக்க உதவுவார், கோப்புகளைத் திறந்து பார்த்து வெளியாள் கண்ணில் எது புரியவில்லை என்று சொல்வார், உரிமங்களை விளக்குவார். உங்களுக்காகப் புள்ளியியல் பகுப்பாய்வு செய்ய மாட்டார்; நெறிமுறைக் குழுவின் முடிவையோ சட்டக் கருத்தையோ அவரால் தர முடியாது. ஆனால் அந்த இரண்டுக்கும் யாரிடம் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதுவே பெரிய மிச்சம்.

2. முதல் சந்திப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

வெறுங்கையோடு போனால் முதல் சந்திப்பு முழுவதும் கேள்விகளிலேயே கழியும். நிதி வழங்கும் அமைப்பின் தரவுக் கொள்கை, நீங்கள் குறிவைத்திருக்கும் இதழின் தரவுக் கொள்கை, ஒப்புதல் படிவத்தின் வரைவு, வேறு நிறுவனத்திடமிருந்து தரவு பெற்றிருந்தால் அந்த ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். கூடவே அரைப் பக்கத்தில், என்ன வகைக் கோப்புகள் உருவாகும், மொத்த அளவு தோராயமாக எவ்வளவு, யாருடைய விவரங்கள் அதில் இருக்கும், யார் யார் கணினியில் அவை இருக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். தரவு ஏற்கெனவே இருந்தால் மாதிரிக்கு ஒரு கோப்பு போதும். பெயர்களும் தொலைபேசி எண்களும் உள்ள கோப்பை மட்டும் மின்னஞ்சலில் நூலகருக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாகச் சொன்ன ஒப்பந்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறரிடமிருந்து வாங்கிய தரவை மறுபகிர்வு செய்ய அதில் தடை இருந்தால், உங்கள் முடிவுகளின் ஒரு பகுதியை வெளியிடவே முடியாமல் போகலாம். அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

3. தரவு மேலாண்மைத் திட்டம்

எந்தத் தரவு உருவாகும், எங்கே சேமிக்கப்படும், யார் பொறுப்பு, எப்போது எங்கே பகிரப்படும் என்பதைச் சொல்லும் சிறிய ஆவணமே இது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் 2011-இல் இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் இதைக் கேட்கத் தொடங்கியது. அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்ஐஎச் 2023 ஜனவரி 25 முதல் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் நிதி பெறுபவர்கள் பொதுவாக ஆய்வு தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் முதல் வடிவத்தைத் தர வேண்டும். உங்கள் நிதியாளர் யாராக இருந்தாலும் பக்க வரம்பும் கெடுவும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

டிஎம்பிடூல், டிஎம்பிஆன்லைன் என்ற இரண்டு இணையக் கருவிகளில் நிதியாளர் வாரியாகக் கேள்விப் படிவங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பினாலே முதல் வரைவு வந்துவிடும். பிறகு நூலகரிடம் கொடுங்கள், ஆனால் கெடுவுக்கு முந்தைய மாலையில் கொடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி இருந்தால்தான் அவர் படித்துச் சொல்வதை நீங்கள் திருத்த முடியும்.

வழக்கமான பொறி ஒன்று: “தரவு உரிய காலத்தில் உரிய களஞ்சியத்தில் பகிரப்படும்” என்று எழுதிவிடுவது. படிப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. களஞ்சியத்தின் பெயர், பகிரும் நேரம், பகிர முடியாத பகுதி எது, ஏன் என்று எழுதுங்கள். என்ஐஎச் விதிப்படி, கட்டுரை வெளியாகும் நாள், நிதிக் காலம் முடியும் நாள் இரண்டில் எது முந்தியதோ அதற்குள் அந்தத் தரவு பகிரப்பட வேண்டும். இதைப் போன்ற துல்லியம் உங்கள் திட்டத்திலும் இருக்கட்டும்.

செலவைக் கேட்க வேண்டிய இடமும் இதுதான். சேமிப்பகம், அடையாளம் நீக்கும் உழைப்பு, நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், களஞ்சியக் கட்டணம் ஆகியவற்றைப் பல நிதியாளர்கள் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்கிறார்கள். நிதிக் காலம் முடிந்தபின் அந்தப் பணத்தைச் செலவிட முடியாது என்பதால், முன்கூட்டியே கேட்காதவர்கள் கடைசியில் சொந்தப் பணத்திலோ சொந்த இரவுகளிலோ அந்த வேலையைச் செய்கிறார்கள்.

4. ஒப்புதல் படிவம்

மனிதர்களிடம் தரவு திரட்டுபவர்கள் இந்தப் படியில் நின்று நிதானித்துச் செல்ல வேண்டும். மற்றவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

“உங்கள் விடைகளை ஆய்வுக் குழுவைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்”, “ஆய்வு முடிந்ததும் எல்லாத் தரவும் அழிக்கப்படும்” ஆகிய இரண்டு வாக்கியங்களும் பழைய படிவங்களிலிருந்து நகலெடுத்து நகலெடுத்தே வாழ்கின்றன. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவைதான். ஆனால் பங்கேற்பாளர் அந்த வாக்குறுதியை நம்பிக் கையெழுத்திட்டுவிட்டால், பெயரை நீக்கிய தரவைக்கூட நீங்கள் பகிர முடியாது. நிதியாளரிடம் பகிர்வதாக வாக்களித்து, பங்கேற்பாளரிடம் பகிரமாட்டேன் என்று வாக்களித்தவர் நிலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். மறுபடி எல்லோரிடமும் போய்க் கையெழுத்து வாங்குவது ஒரு வழி. பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் வாசகத்தை இப்படி மாற்றச் சொல்லி நூலகர்கள் ஆலோசனை தருவது வழக்கம்: “உங்கள் பெயரும் உங்களை அடையாளம் காட்டக்கூடிய பிற விவரங்களும் நீக்கப்பட்டபின், இந்தத் தரவு ஒரு களஞ்சியத்தில் பாதுகாக்கப்பட்டு, எதிர்காலத்தில் வேறு ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்கும் வழங்கப்படலாம்.” ஆய்வில் கலந்துகொள்வதற்கு ஒரு கட்டம், தரவைப் பகிர்வதற்குத் தனிக் கட்டம் என்று பிரித்து வைத்தால், இரண்டாவதற்கு இசையாதவரையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ள முடியும். யார் எதற்கு இசைந்தார் என்பதைத் தரவு அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசையாகக் குறித்துவையுங்கள்; பகிரும் நாளில் காகிதக் கட்டைப் புரட்ட நேராது. இறுதி வாசகம் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டது. அக்குழுவின் முடிவு வர வாரங்கள் ஆகலாம். திருத்தம் கேட்டால் இன்னொரு சுற்றும் சேரும்.

5. கோப்புகளின் பெயர், வடிவம், காப்புநகல்

கோப்பின் பெயரில் “இறுதி”, “இறுதி திருத்தியது”, “உண்மையான இறுதி” என்று எழுதும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-03-07 என்பதுபோல எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பெயரில் இடைவெளியும் சிறப்புக் குறிகளும் வேண்டாம். மூலத் தரவைத் தனிக் கோப்புறையில் போட்டு, படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, எல்லாத் திருத்தங்களையும் நகலில் செய்யுங்கள்.

அட்டவணைக்கு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை), எழுத்துக்கு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு முறை) எளிய உரை, ஆவணத்துக்கு பிடிஎஃப்-ஏ (நீண்ட காலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப் வகை) ஆகியவை நீண்ட காலம் நிற்கக்கூடியவை. தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எக்செலில் சேமிக்கும்போது வெறும் “சிஎஸ்வி” என்றும், “சிஎஸ்வி யூடிஎஃப்-8” என்றும் தனித்தனித் தெரிவுகள் வரும். முதலாவதை அழுத்தினால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்படலாம். கோப்பை மூடிவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை. இதற்கு மாறாக, சரியாகச் சேமித்த கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது புரியாத குறிகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். தரவு கெடவில்லை, எக்செல் குறியாக்கத்தைத் தவறாக ஊகித்திருக்கிறது, அவ்வளவுதான். இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் சரியாகிவிடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய உரைகளை மாற்றாமல் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

எக்செலின் உதவி மனப்பான்மைக்கு அறிவியலே வளைந்துகொடுத்த கதையும் உண்டு. செப்ட்1, மார்ச்1 என்று பெயரிடப்பட்ட மரபணுக்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. 007 என்ற பங்கேற்பாளர் எண் 7 ஆகிவிடுவதும் இதே கோளாறுதான். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை.

காப்புநகலுக்கு 3-2-1 என்ற விதி போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், ஒரு பிரதி வேறிடத்தில். நிறுவனம் தரும் சேமிப்பகம் இலவசமாக இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். நிறுவனத்தை விட்டு விலகும்போது அந்தக் கணக்கு எப்போது மூடப்படும் என்பதையும் கேட்டுவையுங்கள்.

6. ரீட்மீ கோப்பும் தரவு அகராதியும்

நூலகர் உங்கள் கோப்புறையில் முதலில் தேடுவது ரீட்மீ கோப்பைத்தான். தலைப்பு, திரட்டியவர்கள், திரட்டிய காலம், இடம், முறை, கோப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, உரிமம், தொடர்பு ஆகியவை அதில் எளிய உரையாக இருக்க வேண்டும். இது ஒரு மணி நேர வேலை.

தரவு அகராதிதான் உழைப்பைக் கேட்கும். அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, ஏற்கத்தக்க மதிப்புகள், விடுபட்ட மதிப்பின் குறியீடு ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். “வயது” என்று மட்டும் எழுதியிருந்தால், பிறந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டதா, அவர் சொன்னதா என்று நூலகர் கேட்பார். நல்ல பதிவு இப்படி இருக்கும்: “வயது: நேர்காணல் நாளன்று நிறைந்த ஆண்டுகள், பங்கேற்பாளர் சொன்னபடி, 18 முதல் 90 வரை, -99 என்றால் பதில் சொல்ல மறுத்தவர், -88 என்றால் கேள்வி கேட்கப்படவில்லை.” மறுத்தவரையும் கேட்கப்படாதவரையும் ஒரே வெற்றுக் கட்டத்தில் போட்டுவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அகராதியில் சொல்லாமல் விட்ட -99 சராசரிக் கணக்கில் புகுந்துகொண்டு முடிவையே திருப்பிவிடும். விடுபட்டதற்கு “என்ஏ” என்ற ஆங்கில இரண்டெழுத்தை இடுபவர்களும் கவனியுங்கள்: நமீபியாவின் நாட்டுக் குறியீடும் அதே இரண்டெழுத்துதான், பல மென்பொருள்கள் அந்த நாட்டையே விடுபட்ட மதிப்பாகப் படித்துவிடும்.

அகராதியைத் தரவு திரட்டும்போதே எழுதுங்கள். ஈராண்டு கழித்து “நிலை2” என்ற நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று திரட்டியவருக்கே நினைவிருக்காது.

7. அடையாளம் நீக்குதல்

பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டுமே சேர்ந்தால் அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். எனவே பிறந்த தேதியை வயது வரம்பாகவும், ஊரைப் பெரிய வட்டாரமாகவும், அரிதான தொழிலைப் பொது வகையாகவும் மாற்ற வேண்டியிருக்கும். சிறிய குழுவில் ஒரே ஒரு பெண் மருத்துவர் இருந்தால் அவர் பெயரை நீக்கியும் பயனில்லை.

நூலகர்கள் அடிக்கடி கண்டுபிடிக்கும் கசிவுகள் வேறு இடங்களில் இருக்கின்றன: எக்செலில் மறைத்துவைத்த நெடுவரிசைகள், கட்டத்தில் எழுதிய குறிப்புகள், படக் கோப்புக்குள் பதிவாகியிருக்கும் ஜிபிஎஸ் இருப்பிடம், கோப்பின் பெயரிலேயே இருக்கும் பங்கேற்பாளரின் பெயர். நேர்காணல் உரைகளில் பெயரை நீக்கினால், அங்கே என்ன வகைச் சொல் இருந்தது என்று அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். வெற்றிடமாக விட்டால் படிப்பவருக்கு வாக்கியம் புரியாது.

எண்ணையும் பெயரையும் இணைக்கும் திறவுகோல் கோப்பு இருக்கும்வரை, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அந்தத் தரவைத் தனிநபர் தரவாகவே கருதுகிறது. அக்கோப்பை மறையாக்கம் செய்து தனியிடத்தில் வையுங்கள். எவ்வளவு நீக்கினாலும் ஆபத்து குறையாது என்று தோன்றினால் திறந்த பகிர்வை விட்டுவிட்டு, விண்ணப்பித்துப் பெறும் கட்டுப்பாட்டு அணுகலைத் தேர்ந்தெடுங்கள். விவரப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், கோப்பு மட்டும் அனுமதி பெற்றவருக்கே கிடைக்கும்.

8. களஞ்சியத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதன் செலவும்

உங்கள் துறைக்கென்று களஞ்சியம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. மரபணு வரிசைகளுக்கு ஜென்பேங்க், சமூக அறிவியலுக்கு ஐசிபிஎஸ்ஆர் என்று பல இருக்கின்றன. ரீ3டேட்டா என்ற பட்டியலில் தேடலாம். அடுத்து உங்கள் நிறுவனத்தின் களஞ்சியம். இரண்டும் இல்லாவிட்டால்தான் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான களஞ்சியம்.

அணு இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ இலவசம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம். ஆனால் உங்கள் கோப்புகளின் உள்ளடக்கத்தை அங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. தவறான கோப்பும் அப்படியே வெளியாகும். ஹார்வர்ட் டேட்டாவெர்ஸும் எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் இலவசம். டிரையட் என்ற களஞ்சியம் கட்டணம் வாங்குகிறது. ஆனால் அங்கே பணியாளர்கள் கோப்புகளைத் திறந்து பார்த்துத் திருத்தம் கேட்பார்கள். உங்கள் நிறுவனமோ இதழோ அந்தக் கட்டணத்தை ஏற்கிறதா என்று பணம் செலுத்தும் முன் நூலகரிடம் கேளுங்கள். சரிபார்க்கும் களஞ்சியங்களில் வரிசையைப் பொறுத்து நாள்களோ வாரங்களோ ஆகும் என்பதைக் கெடுவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சொந்த இணையதளத்திலோ மேகச் சேமிப்பு இணைப்பிலோ தரவை வைத்துவிட்டு, “வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம்” என்று கட்டுரையில் எழுதுவதைப் பல இதழ்களும் நிதியாளர்களும் இப்போது ஏற்பதில்லை.

9. உரிமம்

பொதுவாக கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பின் உரிமங்கள் இரண்டில் ஒன்று: சிசி பை (பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்) அல்லது சிசி ஜீரோ (நிபந்தனை எதுவும் இல்லை). டிரையட் சிசி ஜீரோவை மட்டுமே ஏற்கும். மாற்றக்கூடாது என்ற நிபந்தனையுள்ள உரிமத்தைத் தரவுக்கு இட்டால், தரவை இன்னொன்றோடு இணைத்து வெளியிட முடியாது, பகிர்ந்தும் பயனில்லை. நிரல்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பொருந்தாது என்று அந்த அமைப்பே சொல்கிறது. எம்ஐடி, அப்பாச்சி போன்ற மென்பொருள் உரிமங்களை இடுங்கள். சிசி உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்பதால், இணை ஆய்வாளர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே தேர்ந்தெடுங்கள்.

10. சமர்ப்பித்தல்

ஆய்வாளருக்குரிய தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் இல்லாதவர்கள் முதலில் அதைப் பதிந்துகொள்ளுங்கள். இலவசம், சில நிமிட வேலை. களஞ்சியத்தில் வரைவைத் தொடங்கியதுமே டிஓஐ எண்ணை முன்பதிவு செய்யும் வசதி ஜெனோடோ போன்றவற்றில் உண்டு. அந்த எண்ணைக் கட்டுரையின் தரவுக் குறிப்பில் எழுதிவிட்டு, கட்டுரை ஏற்கப்பட்டபின் வெளியிடு பொத்தானை அழுத்தலாம். முன்பதிவு செய்த எண் வெளியிடும்வரை இயங்காது என்பதை இதழுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு வேலை செய்யவில்லை என்று கடிதம் வரும்.

மதிப்பீட்டாளர்களுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டுமென்றால் தனி இணைப்பு எடுத்துக்கொடுங்கள். ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பீடு நடத்தும் இதழாக இருந்தால், ஓஎஸ்எஃப், ஃபிக்ஷேர் போன்ற களஞ்சியங்களில் பெயர் மறைத்த இணைப்பு கிடைக்கிறது. ரீட்மீ கோப்பின் முதல் வரியிலேயே உங்கள் பெயர் இருந்தால் அந்த இணைப்பால் பயனில்லை, அதற்கும் ஒரு தனி நகல் தேவை.

பொத்தானை அழுத்தும் முன், கோப்புகளைக் களஞ்சியத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். நூலகரே அதைச் செய்து தந்தால் இன்னும் நல்லது. வெளியிட்டபின் கோப்பில் திருத்தம் என்றால் பொதுவாகப் புதிய பதிப்பாகவே ஏற்ற வேண்டும், பழையதும் அங்கேயே இருக்கும். ஜெனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஓர் எண் என்று இரண்டு வகை டிஓஐ வரும். கட்டுரையில் நீங்கள் உண்மையில் பயன்படுத்திய பதிப்பின் எண்ணையே கொடுங்கள்.

11. வெளியிட்டபின்

கட்டுரை வெளியானதும் அதன் டிஓஐ எண்ணைக் களஞ்சியப் பதிவின் விவரங்களில் சேருங்கள். கோப்பைத் தொடாமல் விவரத்தை மட்டும் மாற்ற முடியும். தொடர்புக்கு நிறுவன மின்னஞ்சலை மட்டும் கொடுத்திருந்தால், நிறுவனம் மாறும்போது அது செயலிழக்கும் என்பதால் ஆர்கிட் எண்ணும் அங்கே இருக்கட்டும். ஒப்புதல் படிவங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், திறவுகோல் கோப்பை எந்தத் தேதியில் அழிக்க வேண்டும் என்பவை நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, அழித்த அன்றே காப்புநகல்களிலும் அது இல்லை என்பதை உறுதிசெய்து, குழுவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.